இரவில் ஆக்கிப் பகலில் பரிமாறும் குளிர்

கிழக்கு வாயில் வழியாக உள்ளே வருவோர் அண்மைக் காலமாக எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சலவைக் கூடத்தை ஒட்டி எழும்பிக்கொண்டிருக்கும் அந்த உயரமான உருளைத் தொட்டி எதற்காக? ஆக்சிஜன் கலன் என்று சிலர் கருதுகின்றனர்; குடிநீர்த் தொட்டி என்று பலர் கருதுகின்றனர். சென்ற மாதம் பெரியவர் ஒருவர், "இவ்வளவு பெரிய தொட்டி கட்டுகிறீர்களே, இனியாவது வார்டுக் குழாயில் தண்ணீர் தடையின்றி வருமா?" என்று கேட்டார். நாங்கள் சொன்ன விடை அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. அத்தொட்டியின் நீர் குடிப்பதற்கும் அன்று, குளிப்பதற்கும் அன்று. அதில் நாங்கள் சேமிக்கவிருப்பது குளிர்ச்சி.

குளிர்ச்சியைச் சேமிக்க வேண்டிய தேவை எங்களுக்கு எப்படி நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு பிற்பகல், மின்வழங்கல் திடீரென்று நின்றது. ஜெனரேட்டர்கள் சில நொடிகளிலேயே இயங்கத் தொடங்கின. விளக்குகள் எரிந்தன, செயற்கைச் சுவாசக் கருவிகள் ஒரு கணமும் நிற்கவில்லை. ஆனால் குளிரூட்டும் பொறி மட்டும் உடனே எழவில்லை. எலும்பு அறுவை அரங்கில் அப்போது இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்துகொண்டிருந்தது. காற்றாடிகள் சுழன்றன, ஆனால் அவை உள்ளே தள்ளியது குளிர்விக்கப்படாத காற்று. பொறி மீண்டும் முழுத் திறனுக்கு வர ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆயின. அதற்குள் அரங்கின் வெப்பமும் ஈரப்பதமும் ஏறிக்கொண்டே சென்றன. அந்த அறுவை நலமாக முடிந்தது. ஆயினும் அடுத்து நடக்கவேண்டிய அறுவையை மறுநாளுக்குத் தள்ளிவைக்க நேர்ந்தது. விடியற்காலையிலிருந்து பட்டினி கிடந்த ஓர் அம்மையார் மீண்டும் வார்டுக்கே அழைத்துச் செல்லப்பட்டார். "ஜெனரேட்டர்தான் ஓடுகிறதே, பிறகு ஏன் இப்படி?" என்று அவருடைய மகள் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்றைய பரபரப்பில் அவருக்குச் சரியான விடை கூற எங்களால் இயலவில்லை. இக்கட்டுரை அவருக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

குளிரூட்டல் என்பது குளிரை உண்டாக்குவது அன்று. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் கொண்டுபோய் விடுவதே ஆகும். நம் வீட்டு மண்பானை இதைத்தான் செய்கிறது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, தனக்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஏறத்தாழ எட்டு லிட்டர் நீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பானை அவ்வளவு சிறந்த பொறி. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அது சோர்ந்துவிடும் என்பதை வீட்டிலுள்ளோர் அறிவர்.

பனிக்கட்டியும் வெப்பத்தை விழுங்குவதில் வல்லது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகி நீராவதற்கு வேண்டிய வெப்பம், அதே ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்குவதற்கு ஒப்பானது. கடையில் 'ஒன்றரை டன் ஏ.சி.' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த டன் என்பது பொறியின் எடை அன்று. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் வெளியேற்றும் திறனுக்கே ஒரு டன் என்று பெயர். பொறிகள் வருவதற்கு முன் மக்கள் பனிக்கட்டியைக் கொண்டே குளிர்ச்சியை அளந்தனர். அந்த அளவை இன்றும் நிலைத்துவிட்டது.

அக்காலத்தின் நினைவுச்சின்னம் ஒன்று சென்னைக் கடற்கரையில் இருக்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக ஃபிரெடரிக் டியூடர் என்னும் வணிகரால் 1842-ஆம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்டது. மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டி, மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்து சென்னைக்கு வந்து சேர்ந்தது. அப்பகுதியை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கின்றனர். ஒரு பருவத்தின் குளிரைச் சேமித்து மற்றொரு பருவத்தில் செலவிடலாம் என்பதற்கு அதைவிடத் துணிவான சான்று வேறு இல்லை.

அதே காலத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஜான் கோரி என்ற மருத்துவர், காய்ச்சலால் வாடிய நோயாளிகளின் அறையில் பனிக்கட்டி நிறைந்த கலங்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு அறையைக் குளிர்வித்தார். கெட்ட காற்றே மலேரியாவுக்குக் காரணம் என்று அவர் நம்பினார், அது தவறு. ஆனால் நோயாளியின் துன்பத்தைக் குளிர்ந்த காற்று தணிக்கும் என்று அவர் கண்டது சரி. வடக்கிலிருந்து கப்பல் வந்தால்தான் பனிக்கட்டி என்ற நிலையைப் பொறுக்க இயலாமல், பனிக்கட்டி செய்யும் பொறி ஒன்றை அவரே உருவாக்கி 1851-இல் காப்புரிமை பெற்றார். குளிரூட்டும் பொறியின் தொடக்க வரலாற்றில் ஒரு மருத்துவர் இருப்பது எங்களைப் போன்றோருக்குச் சற்றுப் பெருமையே. அவரோ பொருளுதவி கிட்டாமல் 1855-இல் மறைந்தார்.

இனி நம் வளாகத்திற்கு வருவோம். முதன்மைக் கட்டடத்தில் அறைக்கு ஓர் ஏ.சி. என்ற முறை இல்லை. நிலவறையில் இருக்கும் 'சில்லர்' எனப்படும் பெரும்பொறிகள் நீரை ஏறத்தாழ 7 டிகிரி வரை குளிர்விக்கின்றன. உறையிட்ட குழாய்கள் வழியே அந்நீர் ஒவ்வொரு தளத்திற்கும் சென்று, அங்குள்ள சுருள்குழாய்களின் மேல் வீசும் காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12, 13 டிகிரியில் திரும்புகிறது. திரும்பிய நீரிலிருந்து சில்லர் எடுக்கும் வெப்பம், மாடியிலுள்ள கூலிங் டவர் வழியே வானில் கலக்கிறது.

காற்றைக் குளிர்விப்பது மட்டுமே அந்த நீரின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. குளிர்ந்த செம்பின் வெளிப்புறத்தில் வியர்ப்பது போலவே, சுருள்குழாயின் மீது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிந்து வடிந்துவிடுகிறது. அறுவை அரங்கிற்கு இதுவே உயிர்நாடி. என்.ஏ.பி.எச். தரச்சான்று வழிகாட்டுதலின்படி அரங்கின் வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி, மூன்று டிகிரி கூடவோ குறையவோ மட்டும் இருக்கலாம். ஈரப்பதம் 20 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அரங்கின் காற்று மணிக்குக் குறைந்தது 20 முறை மாற்றப்பட வேண்டும். இத்தனை காற்றும் வெளியிலிருந்து வரும் ஈரத்தைச் சுமந்துகொண்டு வரக்கூடியது. சுருள்குழாயின் நீர் சில டிகிரி சூடேறினாலே ஈரம் வடிவது குறைந்துவிடும்; ஈரம் மிகுந்த சூழல் பூஞ்சைக்கும் கிருமிக்கும் இடந்தரும். இரண்டு, மூன்று அடுக்கு உடையில் விளக்கின் கீழ் மணிக்கணக்கில் நிற்கும் மருத்துவரின் நெற்றி வியர்வையும் புண்ணின் மேல் விழக் கூடாத ஒன்று.

சில்லர் ஏன் உடனே எழுவதில்லை? அது வீட்டு மின்விசிறி போன்றது அன்று. திடீரென நின்ற அமுக்கியைப் பாதுகாப்பு நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறிய பின்னரே மீண்டும் இயக்க வேண்டும். எண்ணெய் அழுத்தம், நீரோட்டம் ஆகியவை சரிபார்க்கப்பட வேண்டும். ஜெனரேட்டரும் தன் சுமையைப் படிப்படியாகவே ஏற்கும். உயிர்காக்கும் கருவிகளுக்கே முதல் உரிமை. நீரை ஓட்டும் பம்புகளோ நொடிகளில் எழுந்துவிடும். அவற்றிற்கு வேண்டிய மின்சாரம் சில்லருக்கு வேண்டியதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே, ஏற்கெனவே குளிர்ந்த நீர் பெருமளவில் கையிருப்பில் இருந்தால், பம்பு ஒன்றே போதும். சில்லர் நிதானமாக எழட்டும். அரங்கிற்கு அது நின்றதே தெரியாது. அன்று அந்த அம்மையாரின் மகள் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: எங்களிடம் மின்சாரம் இருந்தது, குளிர் கையிருப்பில் இல்லை.

புதிய தொட்டியின் செயல்முறை எளிது. எனினும் முதலில் கேட்போருக்கு நம்பிக்கை வராது. தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும். குளிர்ந்த நீருக்கு ஒன்று, சூடேறித் திரும்பும் நீருக்கு ஒன்று என இரண்டு தொட்டிகள் இல்லை. நடுவே தடுப்பும் இல்லை. ஒரே தொட்டியில் கீழே குளிர்நீரும் மேலே வெதுவெதுப்பான நீரும் கலவாமல் நிற்கும். கோடையில் கிணற்றில் குதித்தவர்களுக்கு இது புதிதன்று: மேல்நீர் இதமாக இருக்கும், கால் எட்டும் ஆழத்தில் சில்லென்று வெட்டும். குளிர்ந்த நீர் கனமானது, எனவே அடியில் தங்கும். தொட்டியிலும் அவ்வாறே. நீர் வேகமாகப் பாய்ந்தால் கலங்கிவிடும் என்பதால், மேலும் கீழும் பரப்பிகள் எனப்படும் அகன்ற துளைக்குழாய்களின் வழியே மிக மெதுவாக உள்ளேயும் வெளியேயும் செல்லும். இரவில் சில்லர்கள் மேல்நீரை எடுத்துக் குளிர்வித்து அடியில் சேர்க்கும். எல்லைக்கோடு மெல்ல மேலேறும். பகலில் அடிநீர் கட்டடங்களுக்குச் சென்று, சூடேறித் திரும்பி, மேலே சேரும், எல்லைக்கோடு கீழிறங்கும். அந்த எல்லைக்கோட்டின் தடிமன் முழங்கால் அளவோ இடுப்பளவோதான். நீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில். அதற்குக் கீழே குளிர்வித்தால் மீண்டும் இலேசாகி மேலெழும்பி அடுக்கைக் கலைத்துவிடும். எனவே இத்தகைய தொட்டிகளில் நீரை 4 டிகிரிக்குக் கீழே கொண்டுசெல்வதில்லை.

இது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றில், அடிநீருக்கும் திரும்பி வரும் நீருக்கும் 7 டிகிரி வேறுபாடு இருந்தால், அது ஏறத்தாழ 8,000 யூனிட் வெப்பத்தை ஏற்கும். பனிக்கட்டிக் கணக்கில் இது 2,300 'டன்-மணி'. எல்லைப் பகுதியில் வீணாவதைக் கழித்தால் 2,000 எனக் கொள்ளலாம். மருத்துவமனை முழுவதற்கும் 500 டன் குளிரூட்டல் வேண்டுமெனில், அது 4 மணி நேரத்திற்குப் போதும். அறுவை அரங்குகள், தீவிர சிகிச்சைப் பிரிவு, பச்சிளங்குழந்தைப் பிரிவு போன்ற இன்றியமையாத இடங்களுக்கு மட்டும் 150 டன் அளிப்பதெனில், 13 மணி நேரத்திற்கு மேல் வரும். இருபது நிமிடத்திற்கு அஞ்சிய எங்களுக்கு இந்த எண்கள் எத்தகைய ஆறுதல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நீருக்குப் பதிலாகப் பனிக்கட்டியையே சேமிக்கலாமே என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. அதே எடைக்குப் பனிக்கட்டி பத்து மடங்குக்கும் அதிகமான குளிர்ச்சியைத் தாங்கும்; தொட்டி சிறிதாக இருந்தால் போதும். நிலம் கிடைப்பது அரிதான நகர்ப்புறக் கட்டடங்கள் அதைத் தேர்வதில் பொருள் உண்டு. ஆனால் பனிக்கட்டி செய்வதற்கு சில்லர் உறைநிலைக்கும் கீழே சென்று உழைக்க வேண்டும். ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதல் மின்சாரம் செலவாகும். நம் வளாகத்தில் இடம் இருந்தது. ஆகவே நீரையே தேர்ந்தோம். இன்றும் அது சரியென்றே கருதுகிறோம்.

மருத்துவமனைக்கு இது புதிய சோதனையும் அன்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பல மருத்துவமனைகள் ஒன்றாக அமைந்த டெக்சாஸ் மருத்துவ மையத்திற்கென 2010-இல் அமைக்கப்பட்ட குளிர்நீர்த் தொட்டி, 150 அடி உயரமும் 100 அடி விட்டமும் உடையது. ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் லிட்டர் கொள்ளும். ஹூஸ்டனும் நம் ஊர்களைப் போல வெப்பமும் ஈரமும் மிகுந்த நகரம். 2001-இல் அலிசன் புயல்மழையில் அம்மையம் வெள்ளத்தில் மூழ்கி, நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது அங்குள்ள மருத்துவமனைகளுக்குக் குளிர்நீர் வழங்கல் நிற்கவில்லை. இதற்குத் தொட்டி மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை: வெள்ளத்தடுப்பு ஏற்பாடுகளும், வளாகத்திலேயே அமைந்த மின்நிலையமும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்கின. எங்களிடம் சொந்த மின்நிலையம் இல்லை. அதனாலேயே கையிருப்புக் குளிர் எங்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

செலவைப் பற்றியும் பேச வேண்டும். மருத்துவமனையின் மின்கட்டணத்தில் நீங்கள் செலுத்தும் பணமும் அடங்கியிருக்கிறதல்லவா? தொட்டி தானாக மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மாயப்பொருள் அன்று. அதே அளவு வெப்பத்தை அதே சில்லர்தான் வெளியேற்ற வேண்டும். உறையைத் தாண்டிச் சிறிது வெப்பம் உள்ளே கசியவும் செய்யும். ஆதாயம் வேறு இடங்களில் இருக்கிறது. இரவுக் காற்று குளிர்ந்திருப்பதால் கூலிங் டவர் எளிதாக வேலை செய்கிறது. சில்லரின் உழைப்பு குறைகிறது. பெரிய நுகர்வோர் மாதத்தில் தொட்ட உச்ச அளவிற்கெனத் தனிக்கட்டணம் செலுத்துகின்றனர். பிற்பகல் உச்சத்தைத் தொட்டி தாங்கிக்கொண்டால் அக்கட்டணம் இறங்கும். தமிழ்நாட்டில் காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் பெருகிவரும் நிலையில், எப்போதும் இரவே உகந்த நேரம் என்றும் கொள்ள முடியாது. நண்பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும்போது நீரைக் குளிர்வித்து, மாலையில் ஊரெங்கும் விளக்கும் ஏ.சி.யும் ஒருசேர எரியும் வேளையில் அதைச் செலவிடுவதே சில மாதங்களில் சுற்றுச்சூழலுக்கு நன்மை தரும். எந்த நேரத்தில் நிரப்புவது என்பதை மாதந்தோறும் ஆய்ந்து முடிவு செய்வோம்.

மற்றொரு வாய்ப்பும் எங்கள் கருத்தில் உள்ளது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் 2015 முதல், கட்டடங்களிலிருந்து எடுக்கும் வெப்பத்தை வானில் விடாமல், வெந்நீராக மாற்றித் தொட்டியில் சேமித்துப் பயன்படுத்துகின்றனர். நம் சலவைக் கூடமும் சமையலறையும் நாள்தோறும் எரிபொருள் செலவிட்டு வெந்நீர் காய்ச்சுகின்றன. மாடியிலோ அதே வெப்பத்தைக் காசு கொடுத்து வெளியேற்றுகிறோம். இது எங்களுக்கே நகைப்பாகத் தோன்றுகிறது. எனினும் அதற்கான குழாய்ப்பணி இந்த ஆண்டுத் திட்டத்தில் இல்லை.

தொட்டி நீரில் டெங்கு கொசு வளருமோ என்று குழந்தைகள் வார்டில் பெற்றோர் சிலர் கேட்டனர். வளராது: தொட்டியும் குழாயும் முழுதும் மூடப்பட்ட ஒரே சுற்று, கொசு நுழைய வழியில்லை. அந்நீர் உலோகக் குழாய்க்குள்ளேயே ஓடுவதால் நீங்கள் சுவாசிக்கும் காற்றை அது தொடுவதும் இல்லை. உண்மையில் கவனம் வேண்டுவது மாடியிலுள்ள கூலிங் டவரில்தான். 1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் ஏற்பட்ட நோய்ப்பரவலைத் தொடர்ந்து முதன்முதலாக இனங்காணப்பட்ட லெஜியனெல்லா என்னும் நிமோனியாக் கிருமி, பராமரிப்பற்ற கூலிங் டவர் நீரில் பெருகி நுண்துளிகளாகப் பரவக்கூடியது. ஆகவே அந்நீரைக் கிருமிநீக்கம் செய்வதையும் சோதிப்பதையும் நாங்கள் ஒருபோதும் தள்ளிப்போடுவதில்லை.

உங்களிடம் சில வேண்டுகோள்கள். தனியறைகளில் உள்ள கட்டுப்பாட்டுப் பொத்தானை 18-க்குக் குறைத்தால் அறை விரைவில் குளிரும் என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறில்லை: 24-இல் வைத்தாலும் 18-இல் வைத்தாலும் காற்று வரும் வேகமும் குளிர்ச்சியும் தொடக்கத்தில் ஒன்றே, எங்கே நிறுத்துவது என்பதையே அந்த எண் சொல்கிறது. நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.க்கள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டிருக்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் இந்திய அரசின் விதி. முதியோருக்கும் அறுவை முடிந்தோருக்கும் அதற்கும் குறைவான குளிர் பெரும்பாலும் நடுக்கத்தையே தரும். ஈரத்துணியைக் காற்றுவழியின் மேல் உலர்த்துவதும், குளிர் நேரே அடிக்கிறது என்று செய்தித்தாளைச் செருகிவைப்பதும் இங்கே அன்றாடக் காட்சி. அடைத்த வழியின் காற்று அடுத்த அறைக்குச் சென்று அங்குள்ளவரை வாட்டும். குளிர் நேரே படுமானால் செவிலியரிடம் சொல்லுங்கள். காற்றுவழியின் இதழ்களைத் திருப்பித் தருவார்கள், கூடுதல் போர்வையும் தருவார்கள். சன்னலைத் திறக்க விரும்பினால், முதலில் குளிரூட்டலை அணைக்கச் சொல்லிவிட்டுத் திறவுங்கள். வெளிக்காற்றின் ஈரம் உள்ளே வந்தால் சுவரும் கூரையும் வியர்க்கும்.

தொட்டியைக் குழாய்களுடன் இணைக்கும் பணி பகுதி பகுதியாக நடைபெறும். ஒவ்வொரு தளத்திலும் சில மணி நேரம் குளிரூட்டல் நிறுத்தப்படும். முந்தைய நாள் மாலையே அந்தத் தளத்தின் அறிவிப்புப் பலகையில் நேரம் எழுதப்பட்டிருக்கும். அந்நேரத்திற்கு மேசை விசிறிகள் தயாராக வைக்கப்படும். தீக்காயப் பிரிவு, டயாலிசிஸ் பிரிவு, பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகிய மூன்றிலும் மாற்று ஏற்பாடு செய்யாமல் நிறுத்தம் இராது. தங்கள் நோயாளியால் வெப்பம் தாங்க இயலாது என்று கருதும் உறவினர், பணி தொடங்குவதற்கு முன்பே தளப் பொறுப்புச் செவிலியரிடம் தெரிவித்தால், அன்றைக்கு மட்டும் வேறு தளத்தில் படுக்கை ஒதுக்கித் தருகிறோம்.